கத்திரி வெயிலில் கம்பளித் தருமம்

பசியைப் பற்றி உலகத்தில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு, பசித்தவனைத் தவிர. அவனுக்கு அபிப்பிராயம் வைத்துக்கொள்ள நேரம் இருப்பதில்லை. இந்த உண்மையை நான் இருபத்தொரு வயதில், ஆவாரம்பட்டைத் தொட்டி ஒன்றுக்குள் விழுந்து கண்டுபிடித்தேன். இதைவிடச் சுலபமான வழிகளும் இருந்திருக்கும். எனக்கு வாய்த்தது அதுதான்.

முப்பதுகளின் ஆரம்பம் அது. சீமையில் தோலுக்கு விலை விழுந்துவிட்டது என்றார்கள். சீமையில் எது விழுந்தாலும் அது ராணிப்பேட்டையில் யாராவது ஓர் ஏழையின் தலையில் வந்து விழுவது அந்தக் காலத்து நியதி. பாலாற்றங்கரையில் இருந்த தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. (தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப் என்போம். உள்ளே போய் எதையும் வாங்க முடியாது. வாடையை மட்டும் இலவசமாக வீட்டுக்குக் கொண்டுவரலாம்.) சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் அலசிய ஆண்களும், ஆவாரம்பட்டை இடித்த பெண்களும் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். முதலில் பித்தளைச் சாமான் போயிற்று. பிறகு ஆடு, கோழி. பிறகு காதில் மூக்கில் இருந்தது. அப்புறம் கீரையை அவித்துத் தின்றார்கள். தெருவில் ஒரு முருங்கை மரத்திலும் இலை இல்லாமல் போனபோதுதான் ஊர்ப் பெரியவர்கள் விஷயத்தைக் கவனித்தார்கள். அவர்கள் வீட்டுச் சாம்பாருக்கும் கீரை கிடைக்கவில்லை.

கவனித்ததும் உடனே சங்கம் வைத்தார்கள். பசித்தவனைப் பார்த்தால் சோறு வைப்பது பாமரர் வழக்கம். சங்கம் வைப்பது படித்தவர் வழக்கம். தலைவர், பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு தாசில்தார். கூட்டமும் அவர் வீட்டுக் கூடத்திலேயே நடக்கும். கேசரி, போண்டா, காப்பி. ஏழைகளுக்கு அரிசி கொடுத்தால் அவர்கள் சோம்பேறிகளாகிவிடுவார்களா என்பது விவாதப் பொருள். ஆகிவிடுவார்கள் என்றுதான் பெரும்பாலோர் கருதினார்கள். இரண்டாவது போண்டாவுக்குப் பிறகு அந்தக் கருத்து இன்னும் வலுத்தது. எழுந்து நடக்க முடியாமல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அவர்கள் சோம்பலைப் பற்றிப் பேசுவதை நான் பக்தியோடு கேட்டுக்கொண்டிருப்பேன்.

நான் அங்கே கௌரவக் காரியதரிசி. (கௌரவம் என்றால் சம்பளம் இல்லை என்று அர்த்தம். பதவியேற்ற பிறகு சொன்னார்கள்.) இண்டர்மீடியட் பரீட்சையில் தவறியவன், ரயில்வேயில் வேலை பார்த்த மாமா கொடுத்த பழைய கோட்டு ஒன்றுக்குச் சொந்தக்காரன் என்ற இரண்டு தகுதிகளும் எனக்கு இருந்தன. ஆள் ஒல்லி. கோட்டு மாமாவின் அளவு. நான் நடந்து வந்தால் கோட்டு தனியாக வருகிறதென்று ஊரில் சொல்வார்களாம். பெயர் ஞானமுத்து. கோட்டைப் போலவே அதுவும் எனக்கு அளவு சரியில்லை.

சங்கத்தில், ஷாப் தொழிலாளிகள் குடியிருந்த லைன் வீடுகளுக்குள் கால் வைத்தவர் ஒருவர்தான். மிஷன் வைத்தியசாலையில் இருந்த மிஸ்ஸம்மா. வெள்ளைக்காரி, தமிழைக் கல்லில் வழுக்காமல் நடப்பவர்போல நிதானமாகப் பேசுவார். அரிசி வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் சொன்னார். ஒவ்வொரு கூட்டத்திலும் அது ஆலோசனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. கடைசியில் பொறுமையிழந்து தம்முடைய நாட்டுச் சபையாருக்கே எழுதிவிட்டார்: இங்கே ஏழைகள் மிகவும் கஷ்டப்படுகிறார்கள், உடனே உதவுங்கள்.

உதவி வாலாஜா ரோடு ஸ்டேஷனில் பெரிய பெரிய மூட்டைகளாக வந்து இறங்கியது. கோதுமை என்றார் ஒருவர். பால் பவுடர் என்றார் இன்னொருவர். பிரித்துப் பார்த்தோம்.

கம்பளி. கழுத்து மூடிய கம்பளிச் சட்டைகள். காதை மூடும் குல்லாக்கள், உச்சியில் ஒரு பஞ்சு உருண்டையோடு. முழங்கால் வரைக்கும் காலுறை. கைக்கு உறை. பாவம், அந்தச் சபைச் சீமாட்டிகள் குளிரில் உட்கார்ந்து ஏழைகளை நினைத்திருக்கிறார்கள். ஏழை என்றால் அவர்கள் ஊரில் நடுங்குவான் போலிருக்கிறது. எங்கள் ஊரில் அப்போது கத்திரி வெயில். வேலூர்ப் பக்கத்துக் கத்திரியை அனுபவிக்காதவர்களுக்கு அதை விளக்க முடியாது. காக்கை பறந்துகொண்டே தாகத்துக்குத் தண்ணீர் கேட்கும்.

மிஸ்ஸம்மா ஒரு குல்லாயை எடுத்து மடித்துத் திரும்ப மூட்டையில் வைத்தார். பிறகு, கூட வந்த கடிதத்தில் ஒரு நிபந்தனை இருப்பதாகச் சொன்னார். ஏழைகள் இவற்றைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு போட்டோ வேண்டுமாம். அதைப் பத்திரிகையில் போட்டால் பார்ப்பவர்கள் மனமிரங்கிப் பணம் அனுப்புவார்களாம். பணம் வந்தால் அரிசி வாங்கலாம். ஆக, லைனில் அடுப்பு எரிய வேண்டுமானால் முதலில் அங்கே இருப்பவர்கள் கம்பளி போட்டு நிற்க வேண்டும். மிஸ்ஸம்மாவுக்கு இதைச் சொல்லவே வெட்கமாக இருந்தது. எனக்கோ உற்சாகம் தாங்கவில்லை. நானே முன்னின்று நடத்துகிறேன் என்றேன். கடவுள் சிலருக்குப் புத்தியைக் குறைத்துக் கொடுத்தாலும் அந்தக் குறையை உற்சாகத்தால் நிரப்பிவிடுகிறார்.

மறுநாள் கோட்டு மாட்டிக்கொண்டு, மாதிரிக்கு ஒரு சட்டையோடு லைனுக்குப் போனேன். அங்கே கன்னியம்மா என்று ஒரு பெண்மணி. ஷாப்பில் பட்டை இடித்தவள். உலக்கையை விட்டதும் அந்த வேலையை நாக்குக்கு மாற்றிக்கொண்டவள். சட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா சாரு இது?"

கம்பளிச் சட்டை என்று விளக்கினேன். கடல் கடந்து வந்தது, கையால் பின்னியது.

"இத்த எப்பப் போட்டுக்கறது?"

"குளிர் காலத்துலதான். மார்கழியில."

"மார்கழி வர்ற வரைக்கும் நாங்க இருக்கணுமே சாரு. அதுக்கு எதுனா குடுத்தனுப்பிச்சாங்களா?"

வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கத் தெம்பு இருந்தவர்கள் மட்டும். நான் கோபிக்கவில்லை. அறியாமை என்று மனசுக்குள் மன்னித்துவிட்டு, போட்டோ எடுத்தால் பின்னால் அரிசி வர வாய்ப்பு உண்டு என்று சொன்னேன். அரிசி என்ற சொல்லுக்கு மட்டும் எல்லோரும் தலையைத் திருப்பினார்கள். சரி, வருகிறோம் என்றாள் கன்னியம்மா.

இதற்குள் எனக்கு இன்னொரு யோசனை உதித்திருந்தது. போட்டோ எடுக்குமுன் அவர்களுக்குப் பசியைப் பற்றி ஒரு சிறு பிரசங்கம் செய்யலாம் என்று. (பசியோடு இருப்பவர்களுக்குப் பசியைப் பற்றி.) அனுபவமில்லாமல் பேசுவது நேர்மையில்லை என்பதால், அதற்கு முன்தினம் ராத்திரியே உபவாசம் ஆரம்பித்துவிட்டேன். காலையில் என் தாயார் இட்லி வைத்துக்கொண்டு கெஞ்சினாள். ஏழைகளின் துன்பத்தில் பங்கு கொள்கிறேன், தடுக்காதே அம்மா என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தெருக்கோடி போவதற்குள் அந்த இட்லியின் ஞாபகம் வந்துவிட்டது. மாவு நன்றாகப் புளித்து, சட்னியில் புதினா போட்டிருந்தாள்.

இடம், பூட்டிக் கிடந்த ஒரு ஷாப்பின் முற்றம். வெள்ளையடித்த பெரிய சுவர் இருந்ததால் அதைத் தேர்ந்தெடுத்தது நான்தான். சுவருக்கு இந்தப் பக்கம் வரிசையாகத் தொட்டிகள். தோல் ஊறப்போடும் ஆவாரம்பட்டைத் தண்ணீர் அவற்றில் மாதக்கணக்கில் அப்படியே நின்று, கஷாயம்போலக் கறுத்திருந்தது. வாசனையை வர்ணிக்க மாட்டேன். இதைச் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் இருக்கலாம்.

வேலூரிலிருந்து ஜட்காவில் போட்டோக்காரர் ரஹீம் பாய் வந்து முக்காலியை நட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார். லைன் ஜனங்கள் சுவர் நிழல் இருந்த இரண்டடி அகலத்தில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். உச்சி வேளை. (வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று அதையும் நான்தான் குறித்தேன்.) கம்பளிகளைக் குவித்து வைத்து, எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். ஒருவரும் அசையவில்லை. கன்னியம்மாதான் பேசினாள்.

"எப்டிப் போடறதுன்னு எங்களுக்கு இன்னா தெரியும் சாரு? நீ ஒரு தபா போட்டுக் காட்டு."

நியாயமான கோரிக்கை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை. கழுத்துக்கு ஒரு கம்பளிப் பட்டை. கைக்கு உறை. கடைசியில் பஞ்சு உருண்டை வைத்த குல்லா. போட்டுக்கொண்டு தொட்டி விளிம்பில் ஏறி, எல்லோரும் பார்க்கும்படி நின்றேன். அத்தனை பேரும் என்னையே பார்ப்பதைக் கண்டதும் பிரசங்கம் ஞாபகம் வந்துவிட்டது.

பசி என்பது பாதி வயிற்றில் இருக்கிறது, பாதி மனசில் இருக்கிறது என்று தொடங்கினேன். மனசை அடக்கினால் வயிறு தானாக அடங்கும் என்றேன். இதோ, நானே நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்றும் கேட்டேன்.

"சார், வெளிச்சம் ஜாஸ்தியா இருக்குது. கொஞ்சம் அசையாம நில்லுங்க," என்றார் துணிக்குள்ளிருந்து ரஹீம் பாய்.

அசையாமல் நின்றேன். வேர்வை குல்லாயிலிருந்து கண்ணுக்குள் இறங்கியது. வெள்ளைச் சுவர் மஞ்சளாயிற்று, பச்சையாயிற்று. மனசை அடக்கினேன். மனசு அடங்கியது. வயிறும் அடங்கியது. முழங்காலும் சேர்ந்து அடங்கியது. அடுத்து எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் தொட்டிக்குள் இருந்தேன் என்பதுதான்.

ஆழம் இடுப்பளவுகூட இருக்காது. ஆனால் கம்பளி, ஐயா, கம்பளி. அது குடித்த தண்ணீரில் ஓர் ஏக்கர் கேழ்வரகுக்குப் பாய்ச்சலாம். நான்கு ஆண்கள் இறங்கி, நனைந்த எருமைத் தோலைத் தூக்குகிறமாதிரி என்னைத் தூக்கிப்போட்டார்கள். அவர்களுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு கிடைத்த தொழில் அது. மூச்சு விடட்டும் என்று மேலே இருந்ததையெல்லாம் உரித்து எறிந்தார்கள். என் சட்டையும் வேட்டியும் பட்டைத் தண்ணீரில் ஊறி நாறியதால் அவையும் போயின. யாரோ இடுப்பில் ஒரு கிழிந்த சாக்கைச் சுற்றினார்கள். முகமும் மார்பும் பாதி பதனிட்ட நிறத்தில் இருந்தன. விலா எலும்புகளை எண்ணிப் பார்க்க இஷ்டப்பட்டவர்கள் எண்ணியிருக்கலாம். கோட்டு மட்டும் ஆணியில் தொங்கிக்கொண்டு சங்கத்தின் மானத்தைக் காத்தது.

கண் விழித்தபோது என் தலை கன்னியம்மாவின் மடியில் இருந்தது. ஒரு கையால் என் தாடையைப் பிடித்துக்கொண்டு, வீட்டிலிருந்து எடுத்துவந்திருந்த மண்சட்டியை மறு கையால் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"குடி நைனா," என்றாள். சாரு போய் நைனா வந்துவிட்டது.

கேழ்வரகுக் கூழ். மோர் கிடையாது, உப்பும் ஒரு வெங்காயமும்தான். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ விருந்து சாப்பிட்டிருக்கிறேன். அப்படி ஒன்று என் தொண்டையில் இறங்கியதில்லை. இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்துக்கொண்டேன். கன்றுக்குட்டி போலச் சத்தம் போட்டுக் குடித்தேன். பசி பாதி மனசில் இருக்கிறது என்று சற்றுமுன் சொன்னவன், சட்டியைக் கீழே இறக்கி இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டேன்.

 கன்னியம்மாவின் புருஷன் சட்டியை வாங்கிச் சாய்த்துப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தரையில் கவிழ்த்து வைத்தான். அவர்கள் வீட்டில் அன்றைக்கு இருந்ததே அவ்வளவுதான் என்பதும், அதையும் பக்கத்து வீட்டில் மாவு கைமாற்று வாங்கிக் காய்ச்சியிருந்தாள் என்பதும் அப்போதுதான் எனக்கு எட்டியது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"வுடு, ராவுக்குப் பாத்துக்கலாம். நீ செத்துகித்துப் போய்ட்டா போலீஸு எங்களையில்ல கேப்பான்," என்றாள்.

அன்று சாயங்காலம் என் தாயாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் பேசி முடித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்: "சேவை பண்றேன்னு போய் அவங்க சோத்தையே தின்னுட்டு வந்தியா?" பதில் வரும் என்று எதிர்பார்க்காமல் அரிசிப் பானையை அப்படியே எடுத்து என் தலையில் வைத்தாள். கோட்டு இல்லாமல், தலையில் பானையோடு, ஊர் பார்க்க லைனுக்குப் போனேன். காரியதரிசியாகி நான் செய்த முதல் காரியம் அது. சங்கத்தின் தீர்மானம் ஏதும் இல்லாமல் நடந்துவிட்டது.

கதை அத்தோடு முடிந்திருந்தால் காலப்போக்கில் மறந்திருப்பேன். ஆனால் ரஹீம் பாய் தொழில் தெரிந்தவர். முக்காலி நட்டாகிவிட்டது, பிளேட்டும் போட்டாகிவிட்டது. சும்மா திரும்பிப் போனால் ஜட்காக் கூலியாவது யார் தருவார்கள்? நான் மடியில் கிடந்து கூழ் குடித்த சமயத்தில் துணிக்குள்ளிருந்து காரியத்தை முடித்துவிட்டார். படத்தை நேரே மிஸ்ஸம்மாவுக்கு அனுப்பிவிட்டார். மிஸ்ஸம்மா நேரே சீமைக்கு அனுப்பிவிட்டார்.

மழைக்காலத்தில் பத்திரிகை வந்தது. கூட்டத்தில் தாசில்தார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் காட்டினார். முழுப் பக்கத்துக்குப் படம். அடியில் எழுதியிருந்ததைத் தமிழிலும் சொன்னார்: பட்டினியால் சாகும் தறுவாயில் இருந்த ஓர் ஏழைத் தொழிலாளிக்கு ராணிப்பேட்டைச் சங்கத்தின் தொண்டரான பெண்மணி உணவூட்டுகிறாள்.

"எலும்பும் தோலுமா எப்படிக் கெடக்கறான் பாருங்க," என்றார் தாசில்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடமே நீட்டினார். "மொகத்துல அறிவுக்களையே இல்லை. பட்டினி மனுஷன் மூளையையும் தின்னுடுது, ஞானமுத்து."

ஆமாம் சார் என்றேன்.  மிஸ்ஸம்மா காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அவர் அடையாளம் கண்டாரா என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

படத்தைப் பார்த்தவர்கள் மனமிரங்கிவிட்டார்கள். பணம் வந்தது, ரங்கூன் அரிசி மூட்டை மூட்டையாக வந்தது. அதை எப்படி வழங்குவது என்று அடுத்த விவாதம். ஒவ்வொரு குடும்பமும் சிக்கனத்தைப் பற்றி ஓர் உபந்நியாசம் கேட்ட பிறகே வாங்க வேண்டும் என்று தாசில்தார் ஒரு திட்டம் வைத்திருந்தார். உபந்நியாசம் அவருடையது. மிஸ்ஸம்மா எழுந்து, தம் நிதானமான தமிழில், பணம் அனுப்பியவர்கள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து அனுப்பினார்கள், ஆகவே அரிசியை அவள் கையால்தான் கொடுக்க வேண்டும் என்றார். அவள் சங்கத்து அங்கத்தினர் இல்லையே என்றார்கள். பத்திரிகையில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது, அதைப் பொய்யாக்கக் கூடாது என்றுவிட்டார். அச்சில் வந்ததை மறுக்கிற துணிச்சல் அங்கே ஒருவருக்கும் இல்லை.

கன்னியம்மாவிடம் போய்ச் சொன்னது நான்தான்.

"நான் எதுனா பேசணுமா?" என்று கேட்டாள்.

பேச வேண்டியதில்லை என்றேன்.

"அப்ப சரி."

ஷாப்புகள் திரும்பவும் திறக்கும்வரை வாரா வாரம் அவள்தான் படியால் அளந்து போட்டாள். எந்த வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள், எந்த வீட்டில் கிழவன் வாங்க வெட்கப்பட்டு உள்ளேயே கிடக்கிறான் என்று யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. உபந்நியாசம் இல்லாமலே அரிசி வெந்தது. நான் மூட்டை தூக்கினேன். கம்பளிச் சட்டைகளும் வீணாகவில்லை. மார்கழியில் ஆற்றுக் காற்று அடித்தபோது கிழவர்கள் போட்டுக்கொண்டார்கள். குல்லாயைக் கோழி அடை வைக்க எடுத்துக்கொண்டார்கள்.

ஐந்தாறு வருஷம் கழித்து எனக்கு அரக்கோணத்தில் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் பெயர் எஸ்தர், ரயில்வே குடும்பம். பெண் பார்த்த அன்றைக்கே அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசிக்கிற பார்வை. என் அழகில் மயங்கிவிட்டாள் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். கல்யாணமாகி மறுவீட்டு விருந்தில், நான் இரண்டு கையாலும் ரசக் கிண்ணத்தைப் பிடித்துச் சத்தம் போட்டு உறிஞ்சியபோதுதான் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

அவர்கள் சபைக்கும் அந்தப் பத்திரிகை வந்திருக்கிறது. ஞாயிறு பள்ளிக்கூட டீச்சர் படத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டி, இந்தப் பாவப்பட்ட மனிதனுக்காக ஒவ்வொருவரும் வீட்டில் பிடி அரிசி எடுத்து வையுங்கள் என்று சொல்லியிருக்கிறார். எஸ்தர் அப்போது பாவாடை கட்டிய பெண். தினமும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்து எனக்கென்று தனிக் கலயத்தில் போட்டிருக்கிறாள். ஒரு வருஷம். ராத்திரி ஜெபத்திலும் நான் உண்டாம், அவளுடைய தாத்தாவின் மூட்டுவலிக்கு முன்னால். அந்த ஆள் பிழைத்தானோ இல்லையோ என்று பல நாள் கவலைப்பட்டிருக்கிறாள்.

பந்தியில் அத்தனை பேர் முன்னிலையில் அவள் சொன்னாள்: "அம்மா, அந்தாளு பொழைச்சிக்கினாரும்மா. இவருதான்."

மாமியார் என் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

இதெல்லாம் நடந்து எத்தனையோ காலமாகிவிட்டது. எனக்கு இப்போது தொந்தி விழுந்து, வேட்டி இடுப்பில் நிற்க மறுக்கிறது. டாக்டர் அரிசியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். எஸ்தர் அந்த வழக்கத்தை மட்டும் விடவில்லை. உலை வைக்கும் முன் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுகிறாள். மாதக் கடைசியில் அது தெருவில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லையோ அங்கே போகிறது. எங்கள் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் 'அப்பா அரிசி'. தெருவில் அது 'ஐயா அரிசி' ஆகிவிட்டது. போன வாரம்கூட ஒரு பெண் வாசலில் வந்து நின்று, "யம்மா, ஐயா அரிசி எதுனா இருக்குதா?" என்று கேட்டாள். நான் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் கலயத்தை எடுத்துவந்து அவள் முந்தானையில் கொட்டிவிட்டு, என் தொந்தியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"எடுத்துக்கினு போம்மா. அவரு இப்ப கொஞ்சம் தேறிட்டாரு."